தலைக்கணக்கு

நாளை பொலிவியா முழுக்கக் கணக்கெடுப்பு;
எவரும் வாசல் தாண்டக் கூடாது.
அதனால் இன்றே
எல் ஆல்டோவிலிருந்து ஏழு பேருந்துகள்
மேடேறி வந்து ஊரை நிரப்பின.
தலைக்கு இவ்வளவு என்றுதான் அரசு பணம் தரும்.
குழாய் வர, தலைகள் வேண்டும்.

துருவேறிய பூட்டுகளுக்கு எண்ணெய் விட்டார்கள்.
ஒரே அறையில் பதினோரு பேர்.
“வழக்கமாக வசிப்பது?”
“இங்கேதான்”
என்றான் டாக்சி ஓட்டும் எவாரிஸ்தோ,
சிக்னலுக்காகக் கைபேசியை உயர்த்தியபடி.

முந்நூற்றுப் பன்னிரண்டு.
கையெழுத்திட்டேன்.

மறுநாள் விடியலில் புழுதி மட்டும்.
சரிவிலிருந்து இறங்கினாள் சாந்துசா,
இரண்டு நாளாய்த் தேடிய லாமாவை இழுத்துக்கொண்டு.
வருடம் முழுக்க இங்கே அடுப்பெரிப்பவள்
அவள் ஒருத்திதான்.

“என்னை எழுதிவிட்டாய்தானே?”

படிவங்கள் முதல் பேருந்தில் போயிருந்தன.
லாமா என் வெறும் பையை முகர்ந்து பார்த்தது.