புகை ஒரு பக்கம், புல் ஒரு பக்கம்

ஜட்லாந்தின் மேற்குக் கரையில்
ஒரு தேவாலயத்துப் பொருளறை.
மெழுகுவர்த்திப் பெட்டிகளுக்கும் மடக்கு நாற்காலிகளுக்கும் நடுவே
மேசைமேல் மல்லாந்து கிடக்கிறது புயல்.

நான் அதைத் துடைக்க வந்தவள்.
குச்சியில் பஞ்சைச் சுற்றி, நாவில் நனைத்து,
துணிமேல் உருட்டி உருட்டி
நூற்றைம்பது வருட மெழுகுக்கரியை
எடுத்துக்கொண்டிருக்கிறேன்.
எச்சிலைவிட நல்ல மருந்து
இதற்கு இன்னும் வரவில்லை.

வரைந்தவர் பெயர் மூலையில் இருந்திருக்கும்;
சட்டம் தின்றுவிட்டது.
படத்தில் ஆள் இல்லை.
மணல்மேடு. அதில் முதுகு குனிந்த ஒரு வீடு.
வாசலிலிருந்து கடலுக்கு இறங்கும்
படகு இழுத்த தடம்.

மூன்றாம் நாள்,
மேகம் என்று எல்லோரும் நினைத்திருந்த ஒன்று
புகையாகி வெளியே வந்தது.
கரைப்பக்கம் சாய்கிறது அது.
மேட்டுப் புல்லோ மொத்தமும்
கடல்பக்கம் சாய்ந்து கிடக்கிறது.

சபைக் குழு வந்து பார்த்தது.
பிளவுண்ட மனம், என்றார் போதகர் ராக்னில்டு.
ஞாயிற்றுக்கிழமைக்கு ஆகும் என்று குறித்துக்கொண்டார்.
நகரத்து ஓவியன், என்றார் கணக்கர் வில்லாட்ஸ்,
அறைக்குள் உட்கார்ந்து வரைந்திருக்கிறான்,
ஒரே காற்று இரண்டு பக்கமா வீசும்?
காப்பி குடித்தார்கள்.
காப்பீட்டுத் தாளில் 'பிழை உண்டு' என்று போட்டால்
தொகை குறையுமா என்று யாரோ கேட்டார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டும் கிறெஸ்டன் மட்டும்
தொப்பியைக் கையில் பிடித்தபடி
புல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர்கள் போன பிறகு சொன்னார்:
இது பனி உறைந்த புல்.
ராத்திரிக் கீழ்க்காற்றில் படுத்தது
அப்படியே விறைத்துவிட்டது.
மேல்காற்று எழுந்தது அதற்குத் தெரியாது.
புகைக்குத்தான் முதலில் தெரியும்.

பிறகு,
நாங்களும் புல்லைப் பார்த்துத்தான்
படகைத் தள்ளினோம்.

எந்த வருடம் என்று நான் கேட்கவில்லை.
நாங்கள் என்றால் எத்தனை பேர் என்றும்.
ஒரு நாற்காலியை விரித்துப் போட்டேன்.
கிறீச்சென்றது.

அவர் உட்கார்ந்திருக்க
நான் வானத்துக்குப் போனேன்.
இருட்டு என்று சொன்னார்களே, அந்த இடம்
இருட்டே இல்லை.
கரிக்கு அடியில், நெல்லிக்காய் நிறத்தில்
ஒரு கீற்று வெளிச்சம்.
வருகிறதா போகிறதா,
பார்த்தால் சொல்ல முடியவில்லை.

ஐந்து மணிக்கு அறிக்கை.
பொருள் என்ற கட்டத்தில்
முன்பே 'புயல்' என்று தட்டச்சு செய்திருந்தார்கள்.
அதை அடித்துவிட்டு,
'காற்று திரும்பிய நேரம்' என்று எழுதினேன்.
பிழைகள்: இல்லை.

விளக்கை அணைக்கப் போனபோதுதான் கவனித்தேன்.
தடம் புதிது, இன்னும் ஈரம்;
அதன் முடிவில் படகு இல்லை.
கிறெஸ்டனும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இடத்தைத் துடைப்பதென்றால்
நான் வராத நாளில் துடை,
என்றார்.