பதினான்காவது நிமிடம்

கெமியில் ஏப்ரல்.
துறைமுகம் இன்னும் உறைந்தே கிடக்கிறது.
எல்லாரும் போன பிறகு
செவ்வாய்க்கிழமை ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்கிறேன்.
என் குரல்தான் அதிகம். அதுவே முதல் தப்பு.

ஔலிஸ் அஹோகாஸ், வயது ஐம்பத்தெட்டு,
பனி உடைக்கும் கப்பலில் எஞ்சின் அறை.
கம்பெனி மருத்துவர் அனுப்பி வந்தவர்.
தானாக வரவில்லை என்பதைக்
கழுத்துவரை பொத்தானிட்ட கோட்டோடு
உட்கார்ந்ததிலேயே சொல்லிவிட்டார்.

"குடிக்கிறேன்தான். யாரு குடிக்கல?"
"வேலைக்கு ஒருநாள் லேட் இல்ல."
"எங்கப்பாவும் குடிச்சாரு, எண்பது வயசு வரைக்கும்."
அடைத்த கதவுகள். தட்டிப் பழகிய கைக்கு
சத்தத்திலேயே தெரியும்.
நடுவில் கப்பலைப் பற்றிக் கொஞ்சம்:
"பனியை முட்டக் கூடாது. மேல ஏறி நிக்கணும்.
எடை தாங்காம அதுவா உடையும்."
உவமை தேடாதே இர்யா, என்று
என்னை நானே அதட்டிக்கொண்டேன்.
தேடிக்கொண்டேதான் இருந்திருக்கிறேன்.

பதினான்காவது நிமிடம்.
காபிக் கோப்பை மேசையில் உரசுகிறது.
"நாயைக் கூட்டிட்டுப் போறப்ப
கை நடுங்கும். வார் ஆடும்.
கூப்பிடறேன்னு நினைச்சு
அது நின்னு திரும்பிப் பார்க்கும்.
அது மட்டும் இல்லாம இருந்தா..."

இல்லாம இருந்தா.
வாக்கியம் முடியவில்லை.
முடியாத அந்த இடத்தில்
ஒரு மனுஷன் தலையை வெளியே நீட்டினான்.
நான் கேட்டது:
"ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ்?"

பதினொரு நொடி. இப்போது எண்ணினேன்.
"படிவத்துல எழுதியிருக்கேனே."

எங்கள் மொழியிலும் வினைச்சொல்லுக்கு வால் உண்டு.
மனசு அந்த வாலில்தான் ஒளிந்திருக்கும்:
விட்டா. விடலாம். விடணும்.
பயிற்சியில் வட்டம் போட்டுக் காட்டினார்கள்.
தாளில் சுலபம்.
தாளுக்குக் கை நடுங்குவதில்லை.

அடுத்த செவ்வாய். அதே கோட், அதே பொத்தான்கள்.
"நாய் திரும்பிப் பார்க்குது," என்றேன்.
கேள்வியாக இல்லை. அவருடையதை
அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன், அவ்வளவே.

ஜன்னலைப் பார்த்தார்.
"தபாலாபீஸ் போறதுக்குள்ள நாலு தடவை.
என்ன வேணும்னு கேக்கற மாதிரி.
ஹல்லா, அது பேரு.
வெட்கமா இருக்கு. நாய் முன்னாடி."
சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை மட்டும் வேணா,
காலையில, ஒழுங்கா நடத்திட்டுப் போகலாம்."

லாம்!
உள்ளே ஒருத்தி மேசைமேல் ஏறிக் குதித்தாள்:
அப்படியே திங்களும்! செவ்வாயும்! அட்டவணை போட்டுடலாமா?
அவளை உட்காரவைக்க
நாக்கைக் கடிக்க வேண்டியிருந்தது.
"ஞாயிறு," என்றேன்.

"ஆமா."
ரேடியேட்டர் கொஞ்ச நேரம் பேசியது.
"அப்ப சனி ராத்திரியே நிறுத்தணும்."

பென்சிலை எடுக்கவில்லை.
எடுத்தால் அவர் பார்வை பென்சிலுக்குப் போய்விடும்.
"சனி ராத்திரியே," என்றேன்.
தலையசைத்தார், எனக்கா
ஜன்னலுக்கா தெரியாது.

கிளம்பும்போது, அடக்கமாட்டாமல், கேட்டேவிட்டேன்:
"அப்ப இந்த ஞாயிறு?"
"பார்ப்போம்."

எந்த ஊரிலும் இந்தச் சொல்
மாட்டேன் என்பதற்குச் சட்டை போட்டு அனுப்புவது.
நாற்காலியை உள்ளே தள்ளினேன்.

கதவருகே நின்று
கோட்டின் பொத்தான்களை
ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார்.
எப்போது கழற்றினார்?
எத்தனையாவது நிமிடம்?
ஒலிப்பதிவில் அது கேட்கவில்லை.
மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன்.