முதல் செக்கன்

காலமை முதல் வேலை
மெசினுக்குக் காற்றுக் காட்டுவது.
மூன்று லீற்றர் சிரிஞ்சை இழுத்துத் தள்ளி
சரியா என்று கேட்பேன்.
மல்லாவி ஆஸ்பத்திரியில்
ஒருநாளும் அளவு மாறாத மூச்சு
அந்தச் சிரிஞ்சுக்கு மட்டும்தான்.

பிறகு சனம்.

முதலாவது சந்திரமலர், செங்கல் சூளை.
குழாயைக் கவ்வினால் உதட்டோரத்தால் கசிகிறது.
"பல்லு எங்க அம்மா?"
"வீட்டில. சாப்பிடவே போடுறேல்லை, ஊதவோ?"
யோகபுரத்துக்குத் திருப்பி அனுப்பினேன்,
பல்லை எடுத்துவர.

அடுத்தது கமலரூபன். நாற்பத்தொன்று. துணுக்காய். நெல் மில்.
மெசின் வயது கேட்டது, கொடுத்தேன்.
ஆணா பெண்ணா, கொடுத்தேன்.
இனம் என்ன என்றது.
அது நீட்டிய பட்டியலில் நாங்கள் இல்லை.
'மற்றவை' என்பதை அழுத்தினேன்,
பழகிய விரல்.
உயரம் என்றது.
அவன் சிரித்தான்:
"காலோடயோ, கழட்டிப்போட்டோ?"

அதற்கும் வழி இருக்கிறது.
சுவரோடு நிறுத்தி
கைகளை விரிக்கச் சொன்னேன்.
நடுவிரலில் இருந்து நடுவிரல் வரைக்கும்
தையல் நாடா.
நூற்றெழுபத்து மூன்று.
"பாத்தியோ, நான் குறையேல்லை"
என்றான், நாடாவைப் பார்த்து.

சிகரெட்? இல்லை. பீடி? இல்லை.
தூசி?
"உமி. பதினொரு வருசம்.
சேட்டை உதறினா இன்னொரு ஆள் எழும்பி நிப்பான்."
புகை?
"எந்தப் புகை?"

பத்திரத்தில் அந்தப் பதிலுக்கு
ஒரு விரற்கடை இடம்தான் விட்டிருக்கிறார்கள்.
நானும் அந்தப் பக்கம் இருந்துதான் வந்தவள்.
'அடுப்பு' என்று எழுதினேன்.

மூக்கில் கிளிப், வாயில் மட்டைக்குழாய்.
இழுங்கோ, நெஞ்சு முட்ட இழுங்கோ, ஊதுங்கோ!
ஊதுங்கோ ஊதுங்கோ விடாதேங்கோ
இன்னும் இருக்கு இன்னும் இருக்கு இன்னும்
என்று நான் கத்தியதில்
பிள்ளைப்பேறோ என்று ஒரு மனுசி எட்டிப் பார்த்தாள்.

ஒருமுறை போதாது.
மூன்றும் ஒரே மாதிரி வந்தால்தான் மெசின் நம்பும்.
"எத்தனை பேருக்கு, எத்தனை தரம்,
ஒரு சொல்லு மாறாமச் சொல்லியிருப்பன் தங்கச்சி"
குழாயைத் துடைத்தபடி சொன்னான்.
"எழுதிக்கொண்டு போனவை ஒருத்தரும் நம்பேல்லை.
இது மூண்டோட நம்புமோ?"

நம்பியது.
மூன்றாவது கோடு இரண்டாவதின் மேல்
நூல் பிசகாமல் படிந்தது.

ஊதிய காற்றில் நூற்றுக்கு எழுபதாவது
முதல் செக்கனிலேயே வெளியில் வந்துவிட வேண்டும்.
இவனுக்கு அறுபத்தாறு.
பம்ப் அடித்து, கால்மணித்தியாலம் இருத்தி,
திரும்ப ஊதவைத்தேன்.
அறுபத்தேழு.
கோடு ஏறும்போது நன்றாய்த்தான் ஏறுகிறது,
இறங்கும் வழியில் பள்ளம்,
மாரி கழிந்த கிரவல் றோட்டு மாதிரி.

"எனக்கு இருமல் கூட இல்லையே.
இளைப்பும் இல்லை. ஓடினாத்தானே இளைக்க."
இருமல் வர முன்னம் கோடு வந்துவிடும்.
அதைச் சொல்லவில்லை.

"பாஸோ?"

அதை நான் சொல்லக்கூடாது.
"செவ்வாய்க்கிழமை டொக்டர் சொல்லுவார்."
"செவ்வாய் மில்லில லொறிக்கு ஏத்து."
"வாங்கோ."
"கூலி?"
"வாங்கோ அண்ணை."

தாளை நாலாய் மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தான்.
பைக்குள் இருந்த தவிடு
மேசையில் கொஞ்சம் கொட்டுண்டது.
துடைக்க எடுத்த கை
எனக்கு மூக்குக்குப் போனது.

யன்னலுக்கு வெளியே
இடதை ஊன்றி வலதால் உதைக்கிறான்.
ஒன்று. இரண்டு.
மூன்றாவது உதையைப் பைக் நம்பியது.

வாசலில் சந்திரமலர்,
வாய் நிறையப் பல்லோடு,
வேர்த்து, சிரிக்கவும் முடியாமல்.