குரியாத் தாண்டி

சைக்கிளை நிறுத்திவிட்டு
கஸ்பார் முதலில் பார்த்தது என் விரல்களை.
"பிரேக் தெரியுதாலே?"

தெரியவில்லை.
பன்னிரண்டு சுற்று மருந்து
நுனிகளைத் தின்றுவிட்டுப் போயிருந்தது.
சட்டைப் பொத்தான், சில்லறைக் காசு,
மகளின் கன்னம்
எல்லாம் ஒரே துணி.

பழைய டியூபை வெட்டி
பிரேக் பிடியில் சுற்றினான்,
தடிமனாய், அசிங்கமாய்.
"உள்ளங்கையால அமுக்கு."
தூத்துக்குடிக்காரன். ரூவியில் ஏசி மெக்கானிக்.
உலகத்தில் பாதிக் கோளாறு
ரப்பரால் தீரும் என்று நம்புகிறவன்.

குரியாத்திலிருந்து சூர்.
நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், மூன்று நாள்.
ஒரு கூடாரம், ஒன்பது லிட்டர் தண்ணீர்,
அரிசி, நெத்திலிக் கருவாடு,
மாத்திரை டப்பா, தெர்மாமீட்டர்.
பின்னாலேயே ஒரு கார் வரும் என்று
வீட்டில் சொல்லியிருந்தேன்.
பின்னால் வந்தது காற்று மட்டும்.
அதுவும் பத்து மணிக்குமேல்
முன்னால் போய் நின்றுகொண்டது.

முதல் மேட்டில் இறங்கித் தள்ளினேன்.
இரண்டாவது மேட்டில்
தள்ளவும் முடியவில்லை.
கல் ஏற்றிப்போன லாரி ஒன்று தானாக நின்றது.
சியால்கோட் டிரைவர், மருதாணித் தாடி.
ஐஸ் தண்ணீர் நீட்டினார்.
குளிர்ந்த எதைத் தொட்டாலும்
ஊசியாய்க் குத்தும் என்று
எந்த இந்தியில் சொல்வது.
கைக்குட்டையால் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.
கஸ்பார் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்,
முடிவை என்னிடம் விட்டுவிட்டு.
ஏறினேன்.
அவனும் தன் சைக்கிளைத் தூக்கிப் போட்டு
கல்மேல் உட்கார்ந்தான்.
பதினோரு கிலோமீட்டர்.
இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஃபின்ஸ் கரையில் இரண்டாம் இரவு.
மணல் இல்லை, கூழாங்கல்.
கூடாரத்தின் ஆணி இறங்கவில்லை,
மூலைக்கொரு கல் வைத்தோம்.
சோறு வேகுமுன்
ஆடுகள் வந்து ரொட்டியைத் தின்றன,
அப்புறம் என் தொப்பியை.
விரட்டப் போனவன்
சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டான்.
ஏழு மாதமாய்க்
கண்ணாடிக்கும் காட்டாத தலை
காற்றில் கிடந்தது.
உரிமையோடு தடவிப் பார்த்தான்.
"மொளச்சிருக்குலே. சாளைச் செதில் மாதிரி."

எட்டு மணிக்கு தெர்மாமீட்டர்.
முப்பத்தெட்டைத் தாண்டினால்
உடனே வரவேண்டும் என்பது டாக்டர் வாக்கு.
டார்ச் அடித்து
கிரிக்கெட் ஸ்கோர் போல அறிவிப்பான்.
முப்பத்தாறு புள்ளி எட்டு.

டார்ச்சை அணைத்தபிறகு,
கேட்காமலே சொன்னான்:
"ஆஸ்பத்திரிக்கு வந்தேன்லே. நாலு தடவ.
லிஃப்ட் வரைக்கும்."

அந்த மாதங்களில்
வந்தவர்கள் பெயரையெல்லாம்
ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.
வேறு வேலை இல்லை.
அதில் அவன் பெயர் இல்லாத பக்கங்களைத்
திரும்பத் திரும்பப் புரட்டியிருக்கிறேன்.

அலை கல்லை உருட்டி உருட்டி வைத்தது.
"லிஃப்ட்ல ஏறுனா
நீ எப்படி இருப்பியோன்னு..."
முடிக்கவில்லை.
நானும் முடிக்கச் சொல்லவில்லை.
"இன்னொரு தடவ பாரு" என்று
நாக்கை நீட்டினேன்.
வாய்க்குள் கண்ணாடிக் குழாய் இருந்தால்
பதில் சொல்ல வேண்டியதில்லை.
முப்பத்தாறு புள்ளி ஒன்பது.
"ஒரு ரன்" என்றான், குரல் சரியில்லாமல்.

மறுநாள் கல்ஹாத் தாண்டி ஒரு நீண்ட இறக்கம்.
உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி
நடுவில் ஓர் இடத்தில் விட்டுவிட்டேன்.
பின்னாலிருந்து கெட்ட வார்த்தை,
பரதவக் கடலின் நல்ல கெட்ட வார்த்தை,
துரத்திக்கொண்டே வந்தது.
விழவில்லை.

சூரில் ஒரு சேட்டன் கடை.
டீ வந்தது.
கஸ்பார் டிஷ்யூவை நாலாய் மடித்து
என் கிளாஸைச் சுற்றினான்.
"சுடும், பாத்து."

டிஷ்யூவை எடுத்துப் போட்டேன்.
ஆவி கண்ணாடியை மறைத்தது.
விரல்கள் எதையோ பிடித்திருந்தன.
"சுடுது" என்றேன்.

பொய்.
சுண்டுவிரலைக் கேட்டால்
முழுப்பொய் இல்லை என்று சொல்லலாம்.
அவன் என் முகத்தைப் பார்த்தான்,
பிறகு வடைத் தட்டை
என் பக்கம் தள்ளினான்.