தோளில் இரண்டு தட்டு

எலூர் தூங்கும்போது நான் தொடுவதில்லை.
மூக்கருகே குனிந்து மெல்ல ஊதுவேன்.
காலையில் குடித்த காப்பி, நேற்றைய பூண்டு,
சட்டைக் கையில் ஆட்டு ரோமப் பிசுக்கு,
இவ்வளவும் கலந்து
கிராசியானா வந்துவிட்டாள் என்று ஆகும்.
வால் முதலில் விழிக்கும்.
பிறகுதான் நாய்.

எலூர் என்றால் எங்கள் பாஸ்க் பேச்சில் வெண்பனி.
ஐடஹோவில் ஆறு மாதம் கிடப்பது.
அவனும் அப்படித்தான், முழு வெள்ளை.
கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு சிறு மடிப்பு.
காது இருக்கிறது, பார்க்க அழகாக.

தோளில் இரண்டு தட்டு: வா.
இடுப்பில் ஓர் அழுத்தம்: உட்கார்.
மோவாய்க்கடியில் விரலால் ஒரு கோடு: நல்லவன், நல்லவன்.
வேண்டாம் என்பதற்கு
இன்னும் நான் ஒன்றும் வைக்கவில்லை.

படி தொடங்கும் இடத்தில் நார் மிதியடி.
அடுப்பைச் சுற்றி ரப்பர்.
வெளிக்கதவின் நிலையில் வாரம் ஒரு சொட்டு கிராம்பு எண்ணெய்.
தம்பி பெனாட் ஒருநாள்
நாற்காலியை அரையடி தள்ளிப் போட்டுவிட்டுப் போனான்.
எலூர் முட்டிக்கொண்டான். ஒருமுறைதான்.
மறுநாள் அங்கே வந்து நின்று, காற்றை முகர்ந்து,
சபையில் பெரிய மனிதருக்கு வழிவிடுவதுபோல்
ஒதுங்கிப் போனான்.
நாற்காலி இன்னும் அங்கேயே இருக்கிறது.

மாலை நாலேகாலுக்கு
வயிற்றைத் தரையில் ஒட்டிப் படுப்பான்.
நான் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன்.
கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குக் கேட்கும்
இரண்டு மைல் தள்ளிப் போகும் சரக்கு ரயில்.

ஆகஸ்டில் கண்காட்சி.
கிடாப் பட்டிக்கும் ஆப்பிள் பை விற்கும் மேசைக்கும் நடுவே
எங்களுக்கு எட்டடி இடம்.
ஐயோ பாவம் என்கிறார்கள், வாயில் பையோடு.
பாவம் அவனைத் தாண்டிப் போகிறது;
பையின் வாசனைக்கு மட்டும் தலை திரும்புகிறது.
முன்பல் விழுந்த ப்ரின்லி கேட்டாள்,
"அவனுக்கு எப்பவும் இருட்டா இருக்குமா?"
உன் முழங்கைக்கு என்ன தெரிகிறது, சொல் என்றேன்.
கையை மடக்கி, முறுக்கி, நெடுநேரம் யோசித்தாள்.
"இருட்டுகூட இல்ல."
அதேதான்.

பிறகு அந்தத் தொப்பிக்காரர்.
கைபேசியில் தன் பெட்டை நாயைக் காட்டினார்.
சாம்பலில் நீலம் சிதறிய நிறம்.
பக்கத்துப் பண்ணையில் அதே நிறத்தில் ஆண் உண்டாம்.
சேர்த்தால் குட்டி எண்ணூறு டாலர் போகுமாம்.

எங்கள் அட்டையில் எழுதியிருக்கிறது:
மீட்கப்பட்ட நாய்.
யாரிடமிருந்து என்று எழுதவில்லை.

என்னிடமிருந்து என்றேன் அவரிடம்.
நான்தான் சேர்த்துவைத்தேன்.
மழை பட்ட கருங்கல்போல் இரண்டுக்கும் நிறம்.
கால்நடை மருத்துவர் வேண்டாம் என்றார்.
அந்த நிறமும் அந்த நிறமும் சேர்ந்தால்
நாலில் ஒன்றுக்கு வெள்ளையாக வரும்,
வெள்ளை வந்தால் கண்ணோ காதோ போகலாம் என்றார்.
கேட்டுக்கொண்டேன். காசை எண்ணிக்கொண்டேன்.
எட்டுக் குட்டி. ஆறு விற்றது.
ஒரு வெள்ளையைப் பெனாட் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோனான்.
ஒரே ஒரு வெடிச் சத்தம்.
அடுத்ததை எடுக்க வந்தபோது
அது என் பூட்ஸுக்குள் தலையைவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது.
வெடி அதற்குக் கேட்கவில்லை.
இரக்கம் என்றெல்லாம் சொல்லமாட்டேன்.
பூட்ஸ் எனக்கு வேண்டியிருந்தது.
குட்டி வெளியே வர மறுத்தது.

தொப்பிக்காரர் கைபேசியைப் பையில் போட்டார்.
எலூருக்குக் கையை முகரக் கொடுத்தார்.
ஒன்றும் சொல்லாமல் போனார்.
சேர்ப்பாரோ மாட்டாரோ, தெரியாது.

வீடு திரும்பும் வழியெல்லாம்
அவன் மோவாய் கியர் தண்டின் மேல்.
பாதை முழுவதையும் அதன் வழியாகவே படித்துக்கொண்டு வந்தான்.
மாடு தாண்டாமல் இருக்கப் போட்ட கம்பிகள்மேல்
டயர் ஏறித் தடதடத்ததும் எழுந்து நின்றான்.
என்ஜினை அணைத்தேன்.
கை வண்டிச் சக்கரத்திலேயே இருந்தது.
மன்னிப்புக்கும் நாங்கள் ஒன்றும் வைக்கவில்லை.
அவன் காத்திருந்தான்,
தோளை என் பக்கம் கொஞ்சம் சாய்த்து.