ஏனைய விடயங்கள்

நிகழ்ச்சி நிரலில் அது ஒன்பதாவது, கடைசி.
அதற்கு முன்னால் எட்டு:
மங்கள விளக்கு, அக வணக்கம்,
நானே எழுதி நானே வாசித்த ஆண்டறிக்கை,
கணக்கறிக்கை. கதிரை வாடகையில்
நானூற்றைம்பது ரூபா இடித்தது.
யோகலிங்கம் சட்டைப்பையிலிருந்து எடுத்து
மேசையில் வைத்தார். கைதட்டல்.

பேந்து புதிய நிர்வாகம்.
பழைய தலைவர் அருமைநாயகம் புதிய தலைவரானார்.
பிரேரித்தது அவருடைய மச்சான்,
வழிமொழிந்தது நித்திரையால் எழும்பிய ஒருவர்.
செயலாளர் பதவிக்கு என்னைக் கேட்கக்கூட இல்லை.
என் கையெழுத்து வடிவு என்பது
அளவெட்டிக் கிளையில் ஒரு கொள்கை.

பன்னிரண்டரைக்கு ஓட்டோச் சத்தம்.
சோற்றுப் பார்சல்.
பாதி மண்டபம் வாசல் பக்கம் திரும்பியபோதுதான்
கலாரஞ்சினி எழும்பினாள்,
தையல்கடைக்காரி,
கழுத்தில் கழற்ற மறந்த அளவுநாடா,
கையில் எண்பது தாள் கொப்பி.

"நொச்சியடிக் குளத்தை நிரவிக் கடைத்தொகுதி கட்டுறதோ விடுறதோ
எண்டு வட்டாரச் சனத்திட்டை வோட்டுக் கேளுங்கோ.
முந்நூற்றிப் பன்னிரண்டு பேர் ஒப்பம் வைச்சிருக்கினம்.
சபை உங்கடை கையிலை."

கொப்பி என்னிடம் வந்தது.
நீல மை, கறுப்பு மை, ஒரு பக்கத்தில் மீன் மணம்.
பதினொரு பெருவிரல்.
ஒன்றின் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்:
இது இடக்கை, வலக்கை செல்லில் போயிட்டுது.
நாற்பத்தேழாவது ஒப்பம் என் மனைவியுடையது.
அவள் எனக்குச் சொல்லவில்லை.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.
"தங்கச்சி, சட்டத்திலை உப்பிடி ஒரு ஏற்பாடு இல்லை."
"இருந்தால் உங்களிட்டை ஏன் ஐயா வாறன்?"
பார்சல் பக்கமிருந்தும் சிரிப்பு.
"சனம் வோட்டுப் போட்டுத்தானே எங்களை அனுப்பினது?"
"ஓம். ஒருக்கா அளவு தந்திட்டினம் எண்டு
நாலு வருசமும் அதே அளவிலை தைச்சா எப்பிடி?
ஆக்கள் மெலிவினம், கொழுப்பினம்.
இடையிலை ஒருக்கா நாடாவைப் பிடிச்சுப் பாத்தால் என்ன?"

தலைமைப்பீடம் என்றார்கள், கட்டுக்கோப்பு என்றார்கள்,
ஒப்பந்தக்காரருக்கு முற்பணம் போயிட்டுது என்று
ஒருவர் மெதுவாகச் சொன்னார்.
மேடைப் பின்திரையில்
மூன்று இரவு இருந்து நான் எழுதிய வரி:
எங்கள் தலைவிதியை நாங்களே தீர்மானிப்போம்.
மின்விசிறிக் காற்றுக்கு
'நாங்களே' மட்டும் மடிந்து மடிந்து விரிந்தது.
கலாரஞ்சினி அதைக் காட்டவில்லை.
முன்வரிசையில் ஒரு பொடியன், தகப்பனோடு வந்தவன்,
எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தான்.

கை தூக்கச் சொன்னார்கள்.
ஆதரவு ஏழு. எதிர்ப்பு ஒன்பது.
மற்றவர்கள் கை கழுவப் போயிருந்தார்கள்.
என் வலக்கையில் பேனை, இடக்கையின் கீழ் கொப்பி.
செயலாளரும் உறுப்பினர்தான் என்பது
சோறு அவிழ்க்கும்போதுதான் நினைவு வந்தது.

"பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது" என்று எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன். வடிவாக.

அடுத்த ஞாயிறு அவளுடைய கடை வாசலில்
ஒரு பிஸ்கற் தகரம்,
மூடியில் கத்தரிக்கோலால் வெட்டிய பிளவு.
வாக்குச்சீட்டு, சட்டை வெட்டுகிற மண்ணிறத் தாள்.
வீடு இல்லை, சைக்கிள் இல்லை, சின்னமே இல்லை.
குளம், கடை, இரண்டு சொல்.
மனைவி முன்னால் நின்றாள், நான் பின்னால்.
"நீங்களுமோ?" என்றாள், திரும்பாமலே.

வரிசை குளக்கட்டு வரை நீண்டிருந்தது.
தண்ணீர் கணுக்கால் அளவுதான்.
நடுவில் ஒரு மாடு நின்று
எங்களைப் பார்த்தது, பேந்து குனிந்தது.

தகரத்தின் விளிம்பில் என் விரல் கீறிப்போய்
தாளில் கொஞ்சம் இரத்தம்.
செல்லுபடியாகுமா என்று கேட்டேன்.
மடிச்சுப் போடுங்கோ அண்ணை, என்றாள்,
அடுத்த ஆளுக்குத் தாள் வெட்டிக்கொண்டே.