மூன்றாவது துவாரம்

பட்டரிக்குப் பக்கத்தில் ஒரு சாண் இடம்.
அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்துவிட்டு
பிறகுதான் இரும்பை அறுத்தேன்.
பண்டாரவளைக் கடைக்காரன் சொல்லியனுப்பினான்:
"அக்கா, பியூஸ் பட்டரிக்குக் கிட்டவே இருக்கணும்.
இல்லாட்டி கெப் எரியும், காத்து வராது."

போன மாசம் வெலிமடை இறக்கத்தில்,
இருபது மூட்டை லீக்ஸோடு, மழையில்
டயர் இறங்கிப்போய்
கால்பம்பை மிதித்து மிதித்து
விடியும்வரை முழங்கால் நடுங்கியது.
லீக்ஸ் வாடியது. விலையும்.

யோகராணி டார்ச் பிடிக்கிறாள், கொட்டாவியோடு.
சேசிஸுக்கு அடியில் டாங்கி.
சைலன்சருக்கு எட்டாத தூரத்தில் ஹோஸ்.
மரைக்கு வெள்ளை நாடா, மூன்று சுற்று.
சாவியைத் திருப்பினேன்.
முள் நடுங்கி எழுந்தது, முப்பது, எழுபது,
நூற்றிருபதில் டக்கென்று மோட்டார் நின்றது.
அந்த அமைதிக்குத்தான் இவ்வளவு காசு.

டாங்கியில் இன்னொரு துவாரம் மிச்சம்.
"ஹோர்ன் பூட்டுவோமே, பெரிய பஸ் மாதிரி!"
பெரட்டுக்குச் சங்கு ஊதுகிற மலை இது.
கொழுந்துக் கூடையை விட்டு ஏழு வருசம்,
இன்னும் அந்தச் சத்தத்துக்கு
என் கால் தானாகச் செருப்பைத் தேடும்.
வேண்டாம் என்றேன்.
பித்தளை மூடி போட்டு முடுக்கினேன்.

காலையில் பார்த்தால் முள் அறுபதில்.
சவர்க்காரத் தண்ணீர் தொட்டு
மூட்டு மூட்டாகத் தடவினேன். எங்கும் இல்லை.
கடைசியில் அந்த மூடியில்தான்
பட்டாணி அளவில் ஒரு குமிழி
அவசரமில்லாமல் ஊதிக்கொண்டிருந்தது.

யோகராணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.
கால் சுற்று முடுக்கினேன்.
மேலே, சங்கு.